ஒரு தந்தியாளரிடம் கற்ற ஹாம் ரேடியோ

வீட்டிலிருந்தே ரேடியோவில் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர் ஒருவரின் பெருமையைச் சொல்வதென்றால் வழக்கமாக இரண்டு கணக்கை எடுப்பார்கள். எத்தனை நாடுகளோடு பேசியிருக்கிறார், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது. இரண்டிலும் எங்கள் சார் தேறமாட்டார். 100 நாடுகளோடு பேசியதற்குச் சாட்சியாக, எதிர்முனைக்காரர்கள் தபாலில் அனுப்பும் அட்டைகளைக் காட்டினால் டி.எக்ஸ்.சி.சி. என்ற விருது கிடைக்கும். உலகம் முழுக்க ஹாம்கள் அதற்காக ராக்கண் விழிப்பார்கள். சாரின் டிரங்குப் பெட்டியில் அதற்குப் போதுமான அட்டைகள் பாச்சை உருண்டைகளோடு கிடந்தன. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. "அந்தத் தபால் செலவுக்கு ஒரு சுருள் ஈயம் வாங்கலாம்" என்பார். வாங்கவும் செய்தார். அந்த ஈயத்தில் பற்றவைத்த கருவிகள் எங்கள் மாவட்டத்தில் பல வீட்டு மாடிகளில் வேலை செய்தன. சில இன்னும் செய்கின்றன.

கும்பகோணத்தில் தந்தி அலுவலகத்தில் அவருக்கு வேலை. பகலில் சம்பளத்துக்கு மோர்ஸ் (குட்டையும் நெட்டையுமான ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தட்டுவார், இரவில் ஆசைக்குத் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் நடத்தாதவரை நாங்கள் எல்லாரும் சார் என்று கூப்பிட்டது அவருடைய திண்ணை வகுப்பால்தான். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். எண்பதுகளில் உரிமம் வாங்கினேன், இன்றுவரை விடவில்லை. இந்தப் பொழுதுபோக்குக்கு ஒருவர் என்ன செய்தார் என்று கேட்டால், அவரால் எத்தனை பேருடைய நிலையம் இயங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அவரிடம் கற்றதில் இன்றைக்கும் கைகொடுக்கிற சங்கதிகளை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. உரிமம் பெற்ற தனிமனிதர்கள், வியாபார நோக்கம் இல்லாமல், தங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. செல்பேசிக் கோபுரம் வேண்டாம், இணையம் வேண்டாம். ஒரு கருவி, ஒரு பேட்டரி, ஒரு கம்பி போதும். இந்தியாவில் 12 வயது நிறைந்த எவரும் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதலாம். தேறினால் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. இணையக் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் கையடக்கக் கருவியை வாங்கிவிட்டு உரிமம் இல்லாமல் பொத்தானை அழுத்துகிறவர் ஹாம் அல்லர். காவல்துறையின் அலைவரிசையில் போய் விழுந்தால் விளக்கம் சொல்லவும் நேரம் கிடைக்காது.

நான் எழுதிய காலத்தில் இரண்டாம் கிரேடு உரிமத்துக்கே நிமிடத்துக்கு 5 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். தேறினாலும் மைக்கைத் தொட முடியாது. மோர்ஸில் 100 தொடர்புகள் செய்து காட்டிய பிறகுதான் குரலுக்கு அனுமதி. விசாரணையெல்லாம் முடிந்து உரிமம் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். இப்போது கட்டுப்படுத்தப்பட்ட கிரேடுக்கு மோர்ஸே கிடையாது, பொதுக் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொற்கள். அன்று தேர்வில் தோற்றவர்களைவிடக் காத்திருந்து அலுத்துப்போய்க் கழன்றுகொண்டவர்களே அதிகம். கழன்றுவிடாமல் பிடித்துவைப்பதைத் தன் வேலையாகவே சார் எடுத்துக்கொண்டார். காத்திருக்கும் பையனிடம் ஏதாவது ஒரு பொறுப்பைத் தள்ளிவிடுவார்: இவனுக்கு ரிசீவர் கட்டிக்கொடு, அவன் வீட்டு ஆன்டெனாவுக்குக் கயிறு பிடி, இன்று ராத்திரி கேட்டதையெல்லாம் பதிவேட்டில் எழுதிவா. உரிமம் வருவதற்குள் அந்தப் பையன் பாதி ஹாம் ஆகியிருப்பான். இன்று ஏதாவது ஊரில் சங்கம் நடத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தேர்வுக்கு வகுப்பு எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள், தேர்வு எழுதியவருக்கு மறுநாள் காலையில் ஒரு வேலை வையுங்கள்.

மோர்ஸ் கற்றுக்கொடுப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புள்ளியும் கோடும் அச்சிட்ட அட்டவணையைக் கண்ணில் காட்டமாட்டார். காகிதத்தில் படித்தவன் காதில் கேட்கும்போது ஒவ்வொரு புள்ளியாக எண்ணுவான், எண்ணியதை அட்டவணையில் தேடுவான், அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். மெதுவான வேகத்தில் இது ஓடும். கொஞ்சம் வேகம் கூடியதும் சுவரில் முட்டிக்கொள்வான், அதற்குமேல் நகரவே மாட்டான். அதனால் சார் எழுத்தை வேகமாகத்தான் தட்டுவார், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் மட்டும் இடைவெளி விடுவார். 'டா டி டா டி' என்றால் அது ஒரே சத்தம், 'சி'. 'டா டா டி டா' என்றால் 'க்யூ'. மிருதங்கம் கற்கும் பிள்ளை 'தகதிமி'யை நான்கு அட்சரமாக எண்ணுவதில்லை, ஒரே சொல்லாக வாங்கிக்கொள்கிறது, அதுபோல. எங்கள் குழுவில் மோர்ஸ் முதலில் படிந்தது உண்மையிலேயே மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையனுக்குத்தான். இரண்டு பி.சி.148 டிரான்சிஸ்டர்களில் கட்டிய ஒரு பீப்பொலிக் கருவி, மோர்ஸ் தட்ட ஒரு பழைய தந்திச் சாவி, தினம் கால்மணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட உட்காரவிடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்துப் படிக்கிறேன் என்று சொன்னவர்கள் யாரும் தேறவில்லை.

அடுத்தது, கேட்பது. பேசுவதற்கு முன் கேட்டுப் பழக வேண்டும். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்கப் பரந்த 18 நிலையங்கள் முறைவைத்து ஒலிக்கும் ஒரு கலங்கரை அமைப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. தன் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு, ஒரு விநாடி நீளத்தில் நான்கு கோடுகள் விடும்: 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியில் பத்தில் ஒரு வாட். எத்தனையாவது கோடுவரை கேட்கிறது என்று எண்ணினால் அந்தத் திசையில் வானம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த வரிசையில் கொழும்பு நிலையம் முடிந்ததும் தென்னாப்பிரிக்கா, அதற்கடுத்து கென்யா. புதிதாக வருகிறவனை இந்த அரை நிமிடம் கேட்கவைத்துவிட்டு, "எது பக்கத்து ஊர்?" என்பார் சார். கொழும்பு ஈனக்குரலில் முனகும், சில நாள் கேட்கவே கேட்காது. கென்யா கணீரென்று விழும். ஏனென்றால் 14 மெகாஹெர்ட்ஸ் அலை சாய்வாகப் போய், ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் வானத்து அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் தரையிறங்குவதற்குள் கும்பகோணத்திலிருந்து கொழும்பு இருக்கும் தூரத்தைத் தாண்டிவிடும். நடுவில் உள்ள ஊர்கள் நிழலில் மாட்டிக்கொள்ளும். புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் ஏறாத விஷயம் இந்த அரை நிமிடத்தில் ஏறிவிடும். எந்த நிலையங்கள் இப்போது இயங்குகின்றன என்று பார்த்துக்கொண்டு இன்றும் இதைச் செய்யலாம்.

இனி அக்கம்பக்கத்து வீடுகள். இந்தப் பொழுதுபோக்கில் பலர் சறுக்குவது இங்கேதான். தொலைக்காட்சிப் பெட்டிகள் தெருவுக்கு ஒன்றிரண்டு வரத் தொடங்கிய காலம். 21 மெகாஹெர்ட்ஸில் நாம் தட்டினால் அதன் மூன்றாம் மடங்கில், 63 மெகாஹெர்ட்ஸில், வேண்டாத அலை ஒன்றும் கூடவே எழும். அன்றைய தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டைக்குள் நேராகப் போய் விழும் எண் அது. வெள்ளிக்கிழமை இரவு சினிமாப் பாட்டு ஓடும்போது கதாநாயகி முகத்தில் குறுக்குக் கோடுகள் மோர்ஸ் தாளத்துக்கு ஆடினால் எந்த வீட்டில்தான் பொறுப்பார்கள்? சார் வாக்குவாதத்துக்கே போகமாட்டார். புகார் சொல்ல வந்தவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுப்பார். "படம் கெடும் நேரத்தை மட்டும் எழுதிவையுங்கள் அண்ணா, வாரம் கழித்து வருகிறேன்." வாரம் கழித்து இரண்டு பதிவேடுகளையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பாதி நேரங்களில் சார் அலுவலகத்தில் இருந்திருப்பார்; குற்றவாளி ஏதோ ஒரு குழல்விளக்கு அல்லது மாவரைக்கும் மோட்டார். மீதிப் பாதி இவர்தான். அதற்குத் தன் டிரான்ஸ்மிட்டரில் ஒரு வடிகட்டி போடுவார்; அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் ஒன்றைப் பழைய பால்பவுடர் டின்னுக்குள் கட்டி, காசு வாங்காமல் மாட்டிக்கொடுப்பார். பதிவேடு எழுதுவது சட்டத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெருவில் மரியாதையோடு வாழ்வதற்காகவும்தான் என்று புரிந்தது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். நம்மால் அவர்களுக்குத் தொல்லை குறைவு. அவர்கள் வீட்டு மலிவு எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் நம் ரிசீவரில் இரைகின்றன. சண்டைக்குப் போகும் முன் நம் வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கருவியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் திருடன் நம் வீட்டில்தான் இருக்கிறான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தால் அகப்பட்டுக்கொள்வான். நிற்கவில்லை என்றால் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை மத்திய அலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். எந்த வீட்டு வாசலில் இரைச்சல் ஏறுகிறதோ அங்கே நோட்டுப் புத்தகத்தோடு போகலாம்.

ஆன்டெனா பற்றி அவர் சொன்னதைத் தனியாகவே எழுத வேண்டும். கருவிக்கு ஆகும் செலவை எல்லாரும் யோசிக்கிறார்கள், கம்பியை யாரும் யோசிப்பதில்லை. நல்ல கம்பியில் சுமாரான கருவி பேசும். மோசமான கம்பியில் லட்ச ரூபாய்க் கருவியும் ஊமைதான். புதியவருக்கு, நடுவில் கேபிளை இணைத்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் கட்டும் அரை அலை இருமுனைக் கம்பியே போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20.1 மீட்டர், கைக்குப் பத்து மீட்டர். முதலில் ஒரு சாண் கூடுதலாகவே விடுங்கள். மீட்டர் கருவியில் பார்த்து நீளத்தைக் குறைக்கும்போதும் வெட்ட வேண்டாம், நுனியை மடித்து முறுக்கினால் போதும், பிறகு தேவைப்பட்டால் நீட்டலாம். கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஊருக்கு நான்கு இருக்கும், எனாமல் பூசிய செம்புக் கம்பி அங்கே எடைக்குக் கிடைக்கும். முனைகளுக்கு பி.வி.சி. குழாய்த் துண்டு.

கம்பம் நட இடமில்லாதவர்களுக்குத் தென்னை மரம். தேங்காய் பறிக்க ஆள் வரும் நாளைப் பார்த்துக்கொண்டு, அவரிடம் ஒரு கப்பியையும் நைலான் கயிற்றையும் கொடுத்து மேலே கட்டச் சொல்ல வேண்டும். கயிற்றைக் கீழே ஆணியில் கட்டினால் முதல் காற்றுக்கே கம்பி அறுந்துவிடும், மரம் ஆடும் என்பது மறந்துபோகிறது. கப்பி வழியாக வரும் கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிடுவார் சார். மரம் அந்தப் பக்கம் சாய்ந்தால் கேன் மேலே ஏறும், இந்தப் பக்கம் வந்தால் இறங்கும், கம்பியில் இழுவிசை மாறாது. புயல் காற்றில் அந்தக் கேன் ஏறி இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறோம்.

ஆன்டெனாவையும் கருவியையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்கு எமன் தண்ணீர். மேல் இணைப்பில் சொட்டுப் புகுந்தால் உள்ளே பின்னல் பச்சை பிடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இணைப்பின்மேல் இன்சுலேஷன் டேப், அதன்மேல் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவது, அதன்மேல் மறுபடி டேப். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் மழைநீர் வளைவில் சொட்டிவிடும். அணில் கடித்த இடத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. பக்கத்து மாவட்டங்களோடு பேச உயரமான கம்பம் தேவையில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியைப் பதினைந்து இருபது அடி உயரத்திலேயே கட்டினால் அலை பெரும்பாலும் செங்குத்தாக ஏறி, மழைபோல் சுற்று வட்டாரத்திலேயே இறங்கும். முந்நூறு நானூறு கிலோமீட்டருக்குப் பகலில் அது போதும். இருட்டியதும் பக்கத்து ஊர்கள் மங்கிவிடும், அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். பேரிடர் சமயத்தில் இதைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

கருவி கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் டிரான்ஸ்மிட்டருக்குப் போடும் 807 வால்வு எங்களுக்குக் குலதெய்வம். சென்னைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் சாரின் துண்டுச்சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கும். மூர் மார்க்கெட்டில் ராணுவக் கழிவுச் சாமான், ரிச்சி தெருவில் கண்டன்சர். எண்பதுகளில் இறக்குமதிச் சலுகை கிடைத்து ஜப்பான் கருவிகள் வரத் தொடங்கியபோது கட்டும் பழக்கம் தேய்ந்தது. அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற ஹாம் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு மிதப்பு. ஆனால் காசில்லாத பையன்களுக்கு வழி திறந்தது, 2003-இல் ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்ற கருவியின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்ட பிறகுதான். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே வடிவமைத்தது. குழாய்க்குப் போடும் வாஷரில்கூடக் காயில் சுற்றலாம். உலகம் முழுக்க அதைக் கட்டினார்கள். அப்போது சாருக்கு எழுபது தாண்டியிருந்தது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக முடித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, அதன்பிறகே அடுத்ததற்குப் போவார். முழுப்பலகையையும் பற்றவைத்துவிட்டுக் கடைசியில் மின்சாரம் கொடுக்கும் அவசரக்காரர்களுக்கு அவர் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

2004 டிசம்பரில் அந்தமான் எங்கள் காதுகளுக்குத் திருவிழாவாக இருந்தது. பதினேழு ஆண்டுகளாக அங்கிருந்து ஹாம் குரலே எழவில்லை. பாரதி பிரசாத்தின் குழு அனுமதி பெற்று போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் நிலையம் போட்டிருந்தது. உலகமே அவர்களோடு பேச முண்டியடித்தது. 26-ஆம் தேதி காலையில் பூமி குலுங்கியது. அதன்பிறகு அந்த நிலையம் விருதுக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டுத் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி சுமக்கத் தொடங்கியது. அக்கரையில் இலங்கை ரேடியோ சங்கத்து ஹாம்கள் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலையில் இணைத்தார்கள்.

சார் அந்த நாட்களில் செய்தது என்ன என்று கேட்டால், பெரும்பாலும் பேசாமல் இருந்தார். கும்பகோணத்திலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1500 கிலோமீட்டர், 14 மெகாஹெர்ட்ஸுக்கு வாகான தூரம், தெளிவாகக் கேட்டது. எங்களுக்குக் கை பரபரத்தது. உதவட்டுமா என்று கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. "நூறு பேர் உதவட்டுமா என்று கேட்டால், உதவி கேட்பவன் குரல் எங்கே கேட்கும்?" என்று மைக்கைக் கழற்றி அலமாரியில் வைத்தார். காகிதத்தை எடுத்துக் கேட்டதையெல்லாம் நேரம் போட்டு எழுதினோம். ஒரே அலைவரிசையில் பலர் கூடும் வலையை நடத்துகிறவர் ஒரு செய்தியைச் சென்னைக்கு எடுத்துச்செல்ல ஆள் இருக்கிறதா என்று கேட்டபோதுதான் மைக் வெளியே வந்தது. 14 மெகாஹெர்ட்ஸில் நம்மிடமிருந்து சென்னை நிழலில் இருக்கிறது. அதனால் மேலே வாங்கி, 7 மெகாஹெர்ட்ஸில் இறங்கிச் சென்னையிடம் கொடுத்துவிட்டு, மறுபடி மேலே போய் 'கொடுத்தாயிற்று' என்று ஒரே சொல்லில் முடித்தார். பேரிடர் வலையில் சேரும் புதியவருக்கு முதல் பயிற்சி இது: கூப்பிட்டால் மட்டும் பேசு, கூப்பிடாதபோது எழுது.

தந்திக்காரர் என்பது அங்கேதான் தெரிந்தது. செய்தியைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு தன் வார்த்தையில் சொல்வது அவருக்குப் பாவம். எழுது, எண் போடு, நேரம் போடு, அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், சொற்களை எண்ணு, திருப்பிப் படித்துக் காட்டு. இது அத்தனையும் சலிப்பான வேலை. இதன் அருமை எனக்கு 2018-இல் கஜா புயலின்போது முழுதாக விளங்கியது. அப்போது அவர் இல்லை. நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, செல்பேசி செத்துவிட்டது. இன்வெர்ட்டரில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, தாழக் கட்டிய ஒரு கம்பி, கையடக்கக் கருவிகள் என்று இளைஞர்கள் சிலரோடு போயிருந்தேன்.

அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் ரேடியோவுக்குச் சோதனை. கோடியக்கரை ஒரு ஊர், கோடியக்காடு அதன் பக்கத்து ஊர். இரைச்சலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆயக்காரன்புலத்துக்கு ஒன்றாம் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று எண்கள் உண்டு. சேத்தி எண்ணை விட்டுவிட்டால் தண்ணீர் லாரி வேறு எங்கோ போய் நிற்கும். எங்களோடு வந்த ஒரு பெண் பொறியியல் மாணவி. ஒருவர் ஓடிவந்து "ஸ்கூல்ல ஏகப்பட்ட ஜனம், ஒண்ணுமே இல்லை, உடனே அனுப்பச் சொல்லுங்க" என்றார். அவள் மைக்கைத் தொடவில்லை. எந்த ஊர், எந்தச் சேத்தி, எந்தப் பள்ளி, பெரியவர்கள் எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை, முதலில் வேண்டியது தண்ணீரா பாலா, வண்டி வரப் பாதை இருக்கிறதா என்று கேட்டு எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, அதன்பிறகு அனுப்பினாள். எதிர்முனை திருப்பிப் படித்தது. சேத்தி எண் தவறாக வந்தது. திருத்தினாள், மறுபடி படிக்கவைத்தாள். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான், எனக்குச் சார், அவருக்குத் தந்தி அலுவலகம். அந்தத் தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். அன்று மாலை வகுப்பு உண்டா என்று ஒரு பையன் தயங்கிக் கேட்டதற்கு, "ஏன், உனக்கு எட்டு வார்த்தை வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார் சார்.

பேட்டரி விஷயத்தில் இரண்டு சங்கதி. 100 வாட் கருவி முழுச்சக்தியில் 20 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் பேரிடர் இடத்தில் சக்தியைக் குறைத்துத்தான் பேச வேண்டும். 20 வாட்டில் கேட்காதவருக்கு 100 வாட்டில் கேட்பது அபூர்வம். ஃபியூஸைக் கருவிக்குப் பக்கத்தில் போடாமல் பேட்டரி முனைக்கு ஒட்டினாற்போல் போடுங்கள். நடுவில் ஒயர் நசுங்கினால் காப்பாற்றுவது அதுதான்.

இப்போதைய பிள்ளைகள் எஃப்டி8 என்ற கணினி முறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் கொண்டுவந்தது. காதுக்கே கேட்காத சிக்னலைக் கணினி பிரித்தெடுத்துவிடுகிறது, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னல் கம்பியில் ஆன்டெனா கட்டியவருக்கு அது வரப்பிரசாதம். குறை சொல்லமாட்டேன். ஆனால் அழைப்புக்குறியும் சிக்னல் அளவும் மாறிக்கொள்வதோடு முடிந்துவிடுவதால் அதில் ஆளைத் தெரிந்துகொள்ள வழியில்லை. வாரத்தில் ஒருநாளாவது மைக்கையோ சாவியையோ பிடியுங்கள் என்று என்னிடம் கற்கும் பிள்ளைகளை நச்சரிக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒரு விஷயம். ஹாம் ஒருவர் காலமான பிறகு அந்த அறையை என்ன செய்வது என்று வீட்டாருக்குத் தெரிவதில்லை. பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போன நல்ல கருவிகளை நானே பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டரை உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. சார் ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார்: சாமானின் பெயர், அதில் உள்ள கோளாறு, இன்றைய நியாயமான விலை, யாருக்குக் கொடுக்கலாம், யாரைக் கூப்பிட்டால் மாடிக் கம்பியை இறக்கித் தருவார்கள். எல்லாம் தந்தி வாசகத்தில். "மீட்டர். சரி. ரூ.400. குடவாசல் பையன்." சாரின் மனைவி அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், ஒரு வாரத்தில் அறை காலியானது, பணமும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அட்டைகள் கிடந்த டிரங்குப் பெட்டி மட்டும் பேரனிடம் இருக்கிறது.

நாற்பது வயது தாண்டிய ஹாம்கள் எல்லாரும் இப்படி ஒரு நோட்டு போட்டுவையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்துங்கள், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். என்னுடையதைச் சென்ற பொங்கலுக்குத் திருத்தினேன். பேட்டரியை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. எனக்கு முன்பே அது போய்விடும்.